ரெசொலூட் – கிரீஸ் ஃபியார்ட் வான்வழித் தூரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் வடகோடியில், நுனாவுட் ஆட்சிப்பகுதியில், ரெசொலூட், கிரீஸ் ஃபியார்ட் என்று இரண்டு சிற்றூர்கள் இருக்கின்றன. இரண்டிலும் சேர்த்து 350 பேர்கூட இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக சாலை கிடையாது, ரயில் கிடையாது. அதனால் இந்த இரண்டுக்கும் நடுவில் “தூரம்” என்றாலே அது விமானத் தூரம்தான். உலக உருண்டையில் நூல் வைத்து இந்தத் தூரத்தை அளக்கத் தொடங்கியவன் நான். நூலின் நீளம் முதல் நாளே தெரிந்துவிட்டது. அந்த நூலின் இரண்டு முனையிலும் இருப்பவர்களைப் பற்றிப் படிக்கத்தான் வெகுகாலம் ஆனது. அப்படித் தெரிந்துகொண்டதை இங்கே கேள்வி பதிலாகத் தருகிறேன்.

நேரடியாகச் சொல்லுங்கள், எவ்வளவு தூரம்?

சுமார் 385 கிலோமீட்டர். மைலில் சொன்னால் 239, விமானிகள் பயன்படுத்தும் கடல் மைலில் 208. இது ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொரு விமான நிலையத்துக்கு, பூமியின் வளைவை ஒட்டி அளந்த மிகக் குறுகிய தூரம்.

இந்த ஊர்கள் சரியாக எங்கே இருக்கின்றன?

ரெசொலூட், கார்ன்வாலிஸ் தீவின் தென்கரையில் இருக்கிறது. அதன் விமான நிலையம் வடக்கு 74.72 பாகை, மேற்கு 94.97 பாகை. கிரீஸ் ஃபியார்ட், எல்ஸ்மியர் தீவின் தென்கரையில், வடக்கு 76.43 பாகை, மேற்கு 82.91 பாகையில் இருக்கிறது. நடுவில் படுத்திருப்பது டெவன் தீவு. மனிதர் யாரும் நிரந்தரமாக வாழாத தீவுகளில் உலகிலேயே பெரியது அதுதான்.

கிரீஸ் ஃபியார்டுக்கு வடக்கே மனிதர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். யுரேகாவில் வானிலை நிலையமும் அலர்ட்டில் ராணுவ நிலையமும் உண்டு. ஆனால் அங்கே இருப்பவர்கள் பணிக்காக வந்து போகிறவர்கள். வீடு, பள்ளிக்கூடம், கடை, குழந்தைகள் என்று குடும்பமாக மக்கள் வாழும் கனடிய ஊர்களில் கிரீஸ் ஃபியார்ட்தான் கடைசி. அங்கிருந்து வட துருவம் சுமார் 1,500 கிலோமீட்டர்.

பெயர் எப்படி வந்தது? கிரீஸ் நாட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இல்லை. 1898 முதல் 1902 வரை இந்தப் பக்கம் ஆய்வு செய்த நார்வேக்காரர் ஓட்டோ ஸ்வெர்ட்ரூப் வைத்த பெயர் இது. நார்வே மொழியில் ‘பன்றி நுழைகுடா’ என்று பொருள். கடற்பசுவைப் போலப் பெரிதாக, தந்தத்தோடு இருக்கும் வால்ரஸ்கள் எழுப்பிய சத்தம் பன்றி உறுமுவது போல இருந்ததாம். ரெசொலூட் என்பது, ஆர்க்டிக்கில் காணாமல் போன ஃபிராங்க்ளின் குழுவைத் தேடி வந்த பிரிட்டிஷ் கப்பலின் பெயர்.

இரண்டுமே வெளியிலிருந்து வந்தவர்கள் வைத்த பெயர்கள். அங்கே வாழும் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் தங்கள் மொழியில் கிரீஸ் ஃபியார்டை ஆவ்யுயித்துக் என்கிறார்கள், ‘ஒருபோதும் உருகாத இடம்’. ரெசொலூட்டை கவ்சுயித்துக் என்கிறார்கள், ‘விடியல் இல்லாத இடம்’. இந்தப் பெயர்கள் ஏன் இவ்வளவு சோர்வாக ஒலிக்கின்றன என்பதற்குக் காரணம் உண்டு. கீழே வருகிறது.

ஒரு இணையதளம் 383 என்கிறது, இன்னொன்று 385 என்கிறது. எது சரி?

இரண்டுமே தவறில்லை, அளக்கும் பூமிதான் வேறு. பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள முழு உருண்டையாக எடுத்துக்கொண்டால் 383 கிலோமீட்டர் வரும். உண்மையில் பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது. தட்டையான இடத்தில் மேற்பரப்பின் வளைவு குறைகிறது, அதனால் ஒரு பாகைக்கு உரிய தரைத் தூரம் கொஞ்சம் கூடுகிறது. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் 385 வரும். ஊரின் நடுவிலிருந்து அளந்தார்களா, ஓடுபாதையிலிருந்து அளந்தார்களா என்பதிலும் ஓரிரு கிலோமீட்டர் மாறும். ரெசொலூட்டில் விமான நிலையம் ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

நானே கணக்கிட முடியுமா?

தாராளமாக. பள்ளிக்கூடக் கணிதம் போதும், ஒரு கால்குலேட்டர் இருந்தால் சரி.

முதலில் வடக்குத் தெற்கு வித்தியாசம். 76.43-லிருந்து 74.72-ஐக் கழித்தால் 1.71 பாகை. இவ்வளவு வடக்கே ஒரு அட்சப் பாகை சுமார் 111.6 கிலோமீட்டர். பெருக்கினால் 191 கிலோமீட்டர்.

அடுத்தது கிழக்கு மேற்கு. 94.97-லிருந்து 82.91-ஐக் கழித்தால் 12.06 பாகை. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். நிலநடுக்கோட்டில் ஒரு தீர்க்கப் பாகை 111 கிலோமீட்டர் என்று படித்த ஞாபகத்தில் அதையே இங்கும் பெருக்கினால் 1,300 கிலோமீட்டருக்கு மேல் வந்துவிடும். தீர்க்கரேகைகள் ஆரஞ்சுச் சுளைகளின் விளிம்புகள் மாதிரி. நடுவில் அகன்று, மேலே போகப் போக ஒன்றை ஒன்று நெருங்கி, துருவத்தில் ஒரே புள்ளியில் சேர்ந்துவிடும். 75.6 பாகை வடக்கில் ஒரு தீர்க்கப் பாகை வெறும் 27.8 கிலோமீட்டர்தான். 12.06-ஆல் பெருக்கினால் 335 கிலோமீட்டர்.

இப்போது 191, 335 இரண்டையும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வைத்து, மூன்றாவது பக்கத்தைக் கண்டுபிடியுங்கள். 386-க்குச் சற்றுக் குறைவாக வரும். துல்லியமான கணக்கோடு ஒப்பிட்டால் ஒரு கிலோமீட்டர் அளவுக்குத்தான் வித்தியாசம்.

சுவரில் மாட்டும் வரைபடத்தில் மிக நீளமாகத் தெரிகிறதே?

பள்ளிகளில் பார்த்துப் பழகிய மெர்க்கேட்டர் வரைபடம் மேலே இருக்கும் இடங்களை இழுத்துப் பெரிதாக்கிவிடும். 75 பாகைக்கு மேல் அது ஏறக்குறைய நான்கு மடங்கு இழுப்பு. ஆகவே அந்தப் படத்தில் இந்த 385 கிலோமீட்டர், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் 1,500 கிலோமீட்டர் தூரத்துக்குச் சமமாகத் தெரியும். எல்ஸ்மியர் தீவு ஏதோ ஒரு கண்டம் போலத் தோன்றுவதும் இதனால்தான். உலக உருண்டையை எடுத்து, இரண்டு ஊரிலும் விரல் வைத்து நூலைப் பிடித்துப் பாருங்கள். நூல் விரல் நகத்தின் அகலம்கூட இருக்காது.

பயண நேரம்?

இந்த வழியில் பறப்பது ட்வின் ஆட்டர். 1965-ல் முதன்முதலாகப் பறந்த, கனடாவிலேயே வடிவமைத்த சிறிய இரட்டை இயந்திர விமானம். வேகம் மணிக்குச் சுமார் 150 கடல் மைல், அதாவது 280 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காற்றே இல்லாவிட்டால் 83 நிமிடம். ஏற, இறங்க எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் காற்று இல்லாத நாள் அங்கே அரிது. வேகம் குறைந்த விமானத்தைக் காற்று அதிகமாகவே ஆட்டிவைக்கும். 40 நாட் (மணிக்கு 40 கடல் மைல்) வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால் அதே தூரத்துக்கு 113 நிமிடம் ஆகும். பின்காற்றானால் 66 நிமிடம். போகும்போது இழந்த நேரம் வரும்போது கிடைத்துவிடும் என்று நினைப்பார்கள், அது முழுதாகக் கிடைக்காது. காற்றில்லாமல் போய்வர 166 நிமிடம். காற்றோடு 179 நிமிடம். எதிர்க்காற்றில் அதிக நேரம் செலவாவதால், அந்த நஷ்டமும் அதிக நேரம் தொடர்கிறது.

கடிகாரப்படி போகும்போது இரண்டரை மணி, வரும்போது அரை மணிதான் ஆகிறது. ஏன்?

நேர மண்டலம் மாறுகிறது. கிரீஸ் ஃபியார்ட் கனடாவின் கிழக்கு நேரத்தையும் ரெசொலூட் மத்திய நேரத்தையும் பின்பற்றுகின்றன. ஒரு மணி நேர வித்தியாசம். காலை 10 மணிக்கு ரெசொலூட்டில் கிளம்பினால், இறங்கும்போது அந்த ஊர்க் கடிகாரம் 12.25 காட்டும். பகல் 1 மணிக்குத் திரும்பினால் ரெசொலூட்டில் 1.25-க்கு இறங்கிவிடலாம்.

விமானம் நேர்க்கோட்டில்தான் போகுமா? கீழே என்ன தெரியும்?

உருண்டையின் மேல் நேர்க்கோடு என்றால் அது பெருவட்டத்தின், அதாவது உருண்டையைச் சரிபாதியாகப் பிரிக்கும் வட்டத்தின், ஒரு துண்டு. ரெசொலூட்டில் கிளம்பும்போது மெய்வடக்கிலிருந்து, அதாவது வட துருவம் இருக்கும் திசையிலிருந்து, 55 பாகை கிழக்கே முகம் வைத்தால், கிரீஸ் ஃபியார்டை நெருங்கும்போது அதே நேர்க்கோட்டில் 66 பாகை காட்டும். விமானம் திரும்பவே இல்லை, ஆனாலும் திசை எண் 11, 12 பாகை மாறிவிடுகிறது. துருவத்துக்குப் பக்கத்தில் தீர்க்கரேகைகள் வேகமாகச் சாய்வதன் விளைவு. இதைக் கவனிக்காமல் ஒரே திசை எண்ணைப் பிடித்துக்கொண்டு போனாலும் தூரத்தில் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடாது. எனவே இந்த வழியில் பெருவட்டத்தால் மிச்சமாவது மிகக் குறைவு.

கீழே முதலில் வெலிங்டன் கால்வாயின் பனிக்கட்டி, பிறகு டெவன் தீவு, கடைசியில் ஜோன்ஸ் நீரிணை. டெவன் தீவில், நேர்க்கோட்டுக்குச் சுமார் 20 கிலோமீட்டர் தெற்கே ஹாட்டன் பள்ளத்தின் மையம் இருக்கிறது. விண்கல் மோதி உண்டான, 20 கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள பள்ளம் அது. செடி கொடி அதிகம் இல்லாத, குளிர்ந்த, வறண்ட அந்த நிலம் செவ்வாய்க் கோளை நினைவூட்டுவதால், செவ்வாய்க்குப் போகப்போகும் மனிதர்களுக்கான கருவிகளையும் உடைகளையும் 1997-லிருந்து அங்கே சோதித்துப் பார்க்கிறார்கள்.

திசைகாட்டியை நம்ப முடியாது என்கிறார்களே?

உண்மை. பூமியின் காந்த வடதுருவம் ஓரிடத்தில் நிற்பதில்லை. 1831-ல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அதைக் கண்டறிந்தபோது அது ரெசொலூட்டுக்குத் தெற்கே பூத்தியா தீபகற்பத்தில் இருந்தது. பின்னர் இந்தத் தீவுக்கூட்டத்தின் ஊடாகவே வடக்கு நோக்கி நகர்ந்து, இப்போது சைபீரியா பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. காந்தத் துருவத்துக்கு அருகில் காந்தவிசை ஊசியைக் கீழ்நோக்கி இழுக்குமே தவிர, பக்கவாட்டில் திருப்பும் விசை மிகவும் குறைந்துவிடும். ஊசி தடுமாறும். அதனால் வட கனடாவின் வான்பரப்பில் திசைகளை மெய்வடக்கை வைத்தே சொல்கிறார்கள். ஓடுபாதையின் எண்ணும் அப்படியே. ஜி.பி.எஸ் வருவதற்கு முன்பு, சூரியன் இருக்கும் இடத்தைப் பார்த்துத் திசையைச் சரிபார்த்துக்கொள்வார்கள்.

இதைச் சாதாரண விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது. 2011 ஆகஸ்ட் 20 அன்று யெல்லோனைஃபிலிருந்து வந்த போயிங் 737 விமானம் ஒன்று, ரெசொலூட்டில் மேகமூட்டத்தில் இறங்க முயன்றபோது ஓடுபாதைக்குச் சுமார் ஒரு கடல் மைல் கிழக்கே இருந்த குன்றில் மோதியது. 15 பேரில் 12 பேர் இறந்துபோனார்கள். திசை காட்டும் கருவியில் இருந்த பிழையும், தானியங்கி ஓட்டுமுறை விமானிகள் எதிர்பாராத விதத்தில் மாறியதும் விசாரணையில் தெரியவந்த காரணங்களில் அடங்கும். அந்த வாரம் அங்கே ராணுவப் பயிற்சிக்காக வந்திருந்தவர்கள் உடனே மீட்புக்கு ஓடியதால் உயிர் பிழைத்த மூவருக்கு விரைவாக உதவி கிடைத்தது. இவ்வளவு சிறிய ஊரில் 12 மரணம் என்றால் அது எப்படிப்பட்ட இழப்பு என்று நினைத்துப் பாருங்கள்.

பெரிய விமானம் விட்டால் என்ன? ஏன் இந்தச் சின்ன விமானம்?

கிரீஸ் ஃபியார்டின் ஓடுபாதை சரளைக்கல் போட்டது, நீளம் சுமார் 500 மீட்டர்தான். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். நீட்டுவதற்கு இடமில்லை. ரெசொலூட்டிலும் சரளைதான், ஆனால் அங்கே ஏறக்குறைய 2,000 மீட்டர் நீளம் இருக்கிறது, அதனால் பெரிய விமானங்கள் வருகின்றன. வடக்கே பரவலாகப் பறக்கும் ஏ.டி.ஆர் 42 போன்ற நடுத்தர விமானத்துக்குக்கூட 500 மீட்டர் போதாது. ட்வின் ஆட்டருக்கு 400 மீட்டருக்குள் ஏறவும் இறங்கவும் முடியும். சரளையில் பெரிய சக்கரம், பனியில் சறுக்குக் கட்டை, இரண்டும் மாட்டலாம்.

உள்ளே போனால் பேருந்தில் ஏறியது போலத்தான் இருக்கும். இருக்கைகளைக் கழற்றியும் மடக்கியும் வைக்கலாம் என்பதால், முன்பாதியில் தபால் மூட்டையும் பால் பெட்டியும் வலைபோட்டுக் கட்டியிருக்க, பின்பாதியில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். கேபினில் காற்றழுத்தம் கூட்டும் வசதி கிடையாது, ஆகவே அதிக உயரம் போகாது. இயந்திர இரைச்சலில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசவும் குரலை உயர்த்த வேண்டும். கோட்டைக் கழற்றுவதற்கு வேலையே இல்லை.

இந்தச் சேவையை நீண்ட காலமாக நடத்திவந்திருப்பது கல்கரியைத் தலைமையிடமாகக் கொண்ட கென் போரெக் ஏர். 2001-லும் 2016-லும் அண்டார்டிக்காவின் கடுங்குளிர்காலத்தில் தென் துருவ நிலையத்திலிருந்து நோயாளிகளை மீட்டுவந்ததும் இதே நிறுவனத்தின் ட்வின் ஆட்டர்கள்தான்.

தெற்கிலிருந்து கிரீஸ் ஃபியார்டுக்குப் போக மொத்தம் எவ்வளவு தூரம்?

ஒட்டாவாவிலிருந்து கணக்கிடலாம். ஒட்டாவா – இக்கலூயிட் சுமார் 2,100 கிலோமீட்டர். இக்கலூயிட் – ரெசொலூட் சுமார் 1,575. ரெசொலூட் – கிரீஸ் ஃபியார்ட் 385. கூட்டினால் 4,060. ஒட்டாவாவிலிருந்து நேராகப் பறக்க முடிந்தால் 3,480 கிலோமீட்டர்தான்.

இதில் எனக்கு உறுத்துவது இக்கலூயிட் பகுதி. நுனாவுட்டின் தலைநகர் அது, ஆட்சிப்பகுதியின் ஒரே மருத்துவமனையும் அங்கேதான். கிரீஸ் ஃபியார்டிலிருந்து நேராக அளந்தால் இக்கலூயிட் 1,500 கிலோமீட்டர். ரெசொலூட் வழியாகப் போனால் 1,960. அதாவது முதலில் மேற்கே 385 கிலோமீட்டர் போய், விமானம் மாறி, பிறகுதான் தென்கிழக்கே திரும்ப வேண்டும். கிரீஸ் ஃபியார்டில் பிரசவம் பார்க்க வசதியில்லை. கர்ப்பிணிப் பெண்கள் நாள் நெருங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே வீட்டைவிட்டு, மற்ற குழந்தைகளைவிட்டு, இந்த வழியாகத்தான் இக்கலூயிட்டுக்கோ ஒட்டாவாவுக்கோ போகிறார்கள். வயிற்றுப் பிள்ளையோடு போய், கைக்குழந்தையோடு அதே வழியில் திரும்புகிறார்கள். வரைபடத்தில் இருக்கும் 1,500 கிலோமீட்டர் அவர்களுக்கு எந்த வகையிலும் பயன்படாது.

விமானம் தினமும் உண்டா?

இல்லை. வாரத்துக்கு இரண்டு முறை என்பதுதான் வழக்கமான ஏற்பாடு, அதுவும் வானிலை விட்டால்.

வானிலை விடாவிட்டால் இரண்டு விதம். ஒன்று, கிளம்பவே கிளம்பாது. ரெசொலூட்டில் காத்திருக்க வேண்டும். மற்றொன்று, கிளம்பிப் போய், கிரீஸ் ஃபியார்டுக்கு மேலே வந்த பிறகு மூடுபனியோ மலையிலிருந்து இறங்கும் பலத்த காற்றோ இறங்கவிடாமல் செய்யும். அருகில் வேறு ஊர் இல்லை. திரும்பி ரெசொலூட்டுக்கே வர வேண்டும். அதனால்தான் கிளம்பும்போதே போகவும் திரும்பவும் சேர்த்து எரிபொருள் போட்டுக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட நாளில் 770 கிலோமீட்டர் பறந்து, கிளம்பிய இடத்திலேயே இறங்குவீர்கள். ஜன்னல் வழியாக வீட்டுக் கூரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவது எப்படி இருக்கும்!

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அடுத்த இணைப்பு விமானத்தை மறுநாளுக்குப் பதிவு செய்யாதீர்கள். சில நாள் இடைவெளி விடுங்கள், மருந்து மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள்.

எந்த மாதம் நல்லது?

கோடையில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை சூரியன் மறைவதே இல்லை. ஆனால் பனிக்கட்டி உருகி நீர் திறக்கும்போது மூடுபனி அடிக்கடி வரும். நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி முதல் பாதி வரை சூரியன் தலைகாட்டாது. மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் கடுங்குளிர் இருந்தாலும் வெளிச்சமும் தெளிவான வானமும் கிடைக்கும். ரெசொலூட்டின் ஆண்டு சராசரி வெப்பநிலையே மைனஸ் 15 செல்சியஸ் சுமார், அதை மனத்தில் வைத்து உடை எடுங்கள்.

தரை வழியாகவோ கடல் வழியாகவோ போகவே முடியாதா?

நுனாவுட்டில் மொத்தம் 25 ஊர்கள், எந்த இரண்டையும் இணைக்கும் சாலை கிடையாது. சரக்குக் கப்பல் ஆண்டுக்கு ஒருமுறை, பனிக்கட்டி விலகும் கோடைக் கடைசியில் வரும். கட்டுமானப் பொருள், வண்டி, ஓராண்டுக்கான உலர் உணவு எல்லாம் அதில் வரும். காய்கறி, பால், தபால் எல்லாம் விமானம்தான். அதனால் விலை மிகவும் கூடுதல். கனடாவின் மத்திய அரசு உணவுக்கான விமானச் சரக்குக் கட்டணத்துக்கு மானியம் தருகிறது, அப்படியும் கூடுதல்தான்.

குளிர்காலத்தில் உறைந்த கடல் மேல் பனிவண்டியில் போகலாம். வழி தெரிந்த வேட்டைக்காரர்கள் போயிருக்கிறார்கள். ஆனால் அது 385 கிலோமீட்டரில் முடியாது. ஜோன்ஸ் நீரிணையின் மேற்கு வாயிலில் நீரோட்டம் வேகமாக இருப்பதால் நடுக்குளிர்காலத்திலும் உறையாத இடங்கள் உண்டு. அவற்றைச் சுற்றிக்கொண்டு போவது நாள் கணக்கில் ஆகும் பயணம்.

இவ்வளவு தள்ளி, இவ்வளவு சிறிதாக, இந்த ஊர்கள் ஏன் உண்டாயின?

ரெசொலூட்டில் 1947-ல் கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து ஒரு வானிலை நிலையம் அமைத்தன. 1949-ல் விமானப்படைத் தளம் வந்தது. ஓடுபாதை முதலில், ஊர் பிறகு.

1953-ல் கனடிய அரசு, வடக்கு கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து இனுயிட் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி, சுமார் 2,000 கிலோமீட்டர் வடக்கே கொண்டுவந்து இறக்கியது. அந்த நிலவரத்தைச் சொல்லித்தர பாண்ட் இன்லெட்டிலிருந்தும் சில குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். 1955-ல் மேலும் சிலரைக் கொண்டுவந்தார்கள். மொத்தம் சுமார் 90 பேர். நல்ல வேட்டை கிடைக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு ஆண்டில் திரும்பிவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். திரும்பக் கொண்டுவிடவில்லை. பனிப்போர்க் காலத்தில் அந்தத் தீவுகளில் கனடாவின் உரிமையை நிலைநாட்ட மனிதர்களைக் குடிவைத்தார்கள் என்பது இனுயிட் மக்களின் குற்றச்சாட்டு. இனுக்ஜுவாக்கில் குளிர்காலத்திலும் சூரியன் உதிக்கும், கோடையில் காட்டுப் பழங்கள் பறிக்கலாம். அங்கிருந்து வந்தவர்கள் மூன்று மாத இருட்டை அதுவரை கண்டதில்லை. ‘விடியல் இல்லாத இடம்’, ‘ஒருபோதும் உருகாத இடம்’ என்ற பெயர்களை அதோடு சேர்த்துப் படியுங்கள்.

எனக்கு மனம் ஆறாதது இன்னொன்று. தாங்கள் எல்லாரும் ஒரே இடத்துக்குப் போகிறோம் என்று நினைத்துத்தான் அவர்கள் கப்பலில் ஏறினார்கள். எல்ஸ்மியர் தீவுக்கு ஒரு பிரிவு, கார்ன்வாலிஸ் தீவுக்கு ஒரு பிரிவு என்று பிரிக்கப்போவது வழியில்தான் தெரிந்தது. சொந்தபந்தங்கள் ரெசொலூட், கிரீஸ் ஃபியார்ட் என்று பிரிந்தார்கள். இந்தப் பக்கத்தில் நாம் அளந்துகொண்டிருக்கும் 385 கிலோமீட்டர் அன்றைக்குத்தான் அவர்கள் நடுவில் விழுந்தது.

அரசு ஆணையம் ஒன்று 1994-ல் இதை விசாரித்து அறிக்கை தந்தது. 1996-ல் ஒரு கோடி டாலர் இழப்பீட்டு நிதி அமைந்தது. மன்னிப்புக் கேட்க 2010 ஆகஸ்ட் 18 ஆகிவிட்டது. 57 ஆண்டு.

இன்று அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள்?

2021 கணக்கெடுப்பின்படி ரெசொலூட்டில் 183 பேர், கிரீஸ் ஃபியார்டில் 144 பேர். இடம்பெயர்க்கப்பட்டவர்களில் சிலர் பிற்காலத்தில் தெற்கே திரும்பிப் போனார்கள். பலரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேயே வாழ்கிறார்கள்; இப்போது அது அவர்களுடைய ஊர்.

இரண்டு ஊரிலும் ஒரே கதையைச் சொல்லும் சிலைகள் இருப்பது உண்மையா?

உண்மை. 2010-ல் திறந்தார்கள். கிரீஸ் ஃபியார்டில் லூட்டி பிஜாமினி செதுக்கியது: ஒரு பெண், அவளோடு ஒரு சிறுவன், ஒரு நாய். அவள் ரெசொலூட் இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ரெசொலூட்டில் சிமியோனி அமகோவாலிக் செதுக்கியது: தனியாக ஒரு ஆண், கிரீஸ் ஃபியார்ட் பக்கம் பார்த்தபடி. பிரிந்த குடும்பங்களை நினைத்துச் செய்தவை.

அந்தப் பார்வை எந்தத் திசையில் இருக்கும்?

மேலே போட்ட கணக்கே போதும். ரெசொலூட்டில் நிற்பவர் மெய்வடக்கிலிருந்து 55 பாகை, அதாவது வடகிழக்கில் சற்றுக் கிழக்கே பார்க்க வேண்டும். கிரீஸ் ஃபியார்டில் நிற்பவர் 246 பாகை, மேற்கில் சற்றுத் தெற்கே. இடையில் 385 கிலோமீட்டர்.